ஜிப் ஃபைல் அவிழ்த்துத் தரப்படும்

மூட்டை கட்டத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். அவிழ்க்கத்தான் ஆளைத் தேடுகிறார்கள் என்பதால் என் தொழில் நடக்கிறது.

உத்திரமேரூர் பஜார் தெருவில், மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் என் கடை. முதலில் அது தட்டச்சு நிலையமாக இருந்தது; அப்போது ஒட்டிக்கொண்ட ‘டீச்சர்’ பட்டம் இன்னும் போகவில்லை. பிறகு டி.டி.பி. கடையானது. இப்போது வாசலில், ‘ஜிப், ரார் ஃபைல்கள் அவிழ்த்துத் தரப்படும்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. கல்லூரியில் இலக்கியம் படித்த நான் எழுதிய வாசகங்களிலேயே ஊரில் அதிகம் பேர் படித்தது அதுதான்.

உங்களுக்கும் இந்தத் துன்பம் தெரிந்திருக்கும். யாரோ ஒருவர் ஒரு ஜிப் ஃபைலை அனுப்புவார். “எல்லாம் உள்ளே இருக்கு” என்பார். நீங்கள் சொடுக்குவீர்கள். கோப்பு சேதமடைந்துவிட்டது என்று உங்கள் கம்ப்யூட்டர் கை விரிக்கும். அனுப்பியவருக்கு ஃபோன் போட்டால், “எனக்கு நல்லாத்தானே திறக்குது?” என்பார். ஒரு மனிதரைத் தனிமையாக உணரவைக்க அதைவிடச் சுருக்கமான வாக்கியம் எனக்குத் தெரியாது.

மேலே இருந்த பை

ஐயங்கார்குளத்திலிருந்து துளசிங்கம் என்ற தறிக்காரர் வந்தார். அவருடைய தறியில் இப்போது ஓட்டை போட்ட டிசைன் அட்டைகளுக்குப் பதில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. டிசைனை பென் டிரைவில் போட்டுச் செருகினால் தறி அதைப் பார்த்துப் பூப்போடும். டிசைன் வரைகிற பெண் சென்னையில் இருக்கிறாள். அவளிடம் இருப்பது மேக் கம்ப்யூட்டர். அவள் ஜிப் போட்டு அனுப்பிய மயில் டிசைன்களில் ஒன்றுகூட இவருடைய விண்டோஸில் திறக்கவில்லை. “எல்லாம் செத்த ஃபைலு டீச்சர்” என்று பென் டிரைவை என் மேசையில் வைத்தார். ஏதோ பிரேதத்தைக் கிடத்துவதுபோலத்தான் வைத்தார்.

மேக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜிப் போடும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் நிழல் மாதிரி இன்னொன்றைச் செய்து, அவற்றைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கூடவே அனுப்பிவிடும். மேக்கில் அந்தப் பை கண்ணில் படாது. விண்டோஸிலோ முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். துளசிங்கம் எதையும் மேலிருந்து தொடங்குகிறவர். மேலே இருந்த பையைத் திறந்தார். உள்ளே மயிலின் பெயர் இருந்தது, மயில் இல்லை. கீழே அதே பெயர்களோடு இருந்த இன்னொரு பையை ‘டூப்ளிகேட்’ என்று முடிவு செய்து அழித்துவிட்டார். மூல ஜிப் அவர் ஃபோனில் இருந்ததால் மயில்கள் பிழைத்தன. நிழல்களை நீக்கி நிஜத்தை எடுத்துக் கொடுத்து, நடந்ததை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“நாங்களும்தான் சேலைய அட்டப்பொட்டில வெச்சுத் தர்றோம் டீச்சர். வெறும் பொட்டி ஒண்ணு செஞ்சு அத்த சேலைக்கு மேல வெச்சா தர்றோம்?”

ஆளுக்கொன்று

பக்கத்துத் தையல்கடை விஜயாவுக்கு மானாம்பதி பிறந்த ஊர். அவள் அப்பா நடேசன் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணமோ காதுகுத்தோ, சுற்றுப்பட்டு ஊர்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பும் அவரே செய்வார். “என் பேரைச் சொல்லவில்லை” என்று நன்கொடை கொடுத்தவர்கள் சண்டைக்கு வருவது வழக்கமாகிவிட்டதால், பேசியதையெல்லாம் சாட்சிக்காகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைத்தார். போன வருஷம் இறந்துபோனார். இப்போது விஜயாவின் அம்மா பச்சையம்மா, “உங்க நைனா எப்டி பேசும்?” என்று தினமும் மகளைக் கேட்கிறாள். முகத்துக்குச் சுவரில் படம் இருக்கிறது. குரல் மட்டும் மறந்துகொண்டே வருகிறது.

“மூணு அண்ணனுங்க கையிலயும் ஆளுக்கொரு பென் டிரைவ் கீது டீச்சர். நைனா குரலு அதுலதான் கீது. ஒண்ணுலயும் தெறக்க மாட்டேங்குது” என்றாள் விஜயா. விசாரித்ததில் தெரிந்தது இது. அப்பாவின் கம்ப்யூட்டரை எடைக்குப் போடுவதற்கு முன்னால், சென்னையில் விளம்பர கம்பெனியில் வேலை பார்க்கும் பெரியவன் ஏழுமலை, பதிவுகள் அத்தனையையும் தன் மேக்கில் ஒரே ஜிப்பாகக் கட்டினான். வீட்டிலிருந்த பென் டிரைவ்கள் சின்னவை. ஒன்றில் முழுவதும் கொள்ளாது என்று ஜிப்பை மூன்று துண்டாக வெட்டி, மூன்றில் வைத்தான். மூன்று பொருள் இல்லை அது. ஒரே துணியின் மூன்று கிழிசல். சேர்த்துத் தைத்தால்தான் துணி.

அன்றைக்கே பாகப்பிரிவினை. ஊர்ப் பெரியவர்கள் நிலத்தைப் பிரித்தார்கள், ஹாரன்களைப் பிரித்தார்கள், பாத்திரத்தைப் பிரித்தார்கள். இருந்த ஒரே ஆம்ப்ளிஃபயரில் சண்டை மூண்டு அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சண்டைக்கு நடுவில் தாம்பாளத்தில் கிடந்த மூன்று பென் டிரைவ்கள் பெரியவர்கள் கண்ணில் பட்டன. மூன்று சாமான், மூன்று பிள்ளைகள். இதைவிடச் சுலபமான தீர்ப்பு அவர்களுக்கு அதற்கு முன் அமைந்ததில்லை. விஜயாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன்.

“பொண்ணுக்குத்தான் சீர் செஞ்சாச்சேன்னாங்க. ஆம்ப்ளிஃபயர மூடியிருந்த துணிய எடுத்துக்கினு வந்தேன் டீச்சர்.”

பெயர் வேண்டாத மாப்பிள்ளைகள்

கல்யாணத் தரகர் வரதராஜனிடம் ஒரு மேக்கிலிருந்து ஜாதகங்கள் ஒரே ஜிப்பில் வந்திருந்தன. அவருடைய பழைய விண்டோஸில் அவிழ்த்தபோது எல்லாம் திறந்தன, ஃபைல்களின் தலைப்பில் மட்டும் எழுதியிருந்த பெயர்கள்தான் போய்விட்டன. மேக் தமிழில் எழுதிய பெயரை அந்தக் கம்ப்யூட்டர் ஏதோ அந்நிய எழுத்தென்று நினைத்துப் படித்திருக்கிறது. செந்தில்குமாரும் கார்த்திகேயனும் கிரேக்க எழுத்துகளும் கட்டங்களும் பெட்டிகளுமாகப் பல்லிளித்தார்கள். நான் அந்தப் பெயர்களில் ஒன்றை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கேட்கக் கேட்க இடி இறங்குவது மாதிரி இருந்தது. நிச்சயதார்த்தத்தில் வாசிக்க உகந்ததில்லை.

“கொஞ்சம் பொறுங்க, பெயர்களைத் திருத்தித் தருகிறேன்” என்றேன். அவருக்கு அவசரம். நட்சத்திரம், ராசி, சம்பளம், சொந்த வீடு எல்லாம் உள்ளே சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். இருந்தன. பென் டிரைவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெயரில்லாமல் எப்படிப் பெண் வீட்டில் காட்டுவீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

“பேர யாரு டீச்சர் கேக்கறாங்க? அது பத்திரிக அடிக்கறப்ப பாத்துக்கலாம்.”

சென்னையிலிருந்து வந்த துண்டு

ஏழுமலைக்கு ஃபோன் செய்தேன். ஒவ்வொருவருக்கும் மூன்று துண்டையும் சேர்த்தே காப்பி போட்டுக் கொடுக்கத்தான் நினைத்திருந்தானாம். அதற்குள் ஆம்ப்ளிஃபயர் சண்டை வந்துவிட்டதாம். மேக்கில் மூலம் இருக்கிறதா என்றால், இடம் போதவில்லை என்று அழித்துவிட்டான். “அன்னிக்கு என் மேக்ல சூப்பரா ஓப்பன் ஆச்சு டீச்சர்” என்றான். நீங்களும் நானும் எத்தனையோ பேரிடம் கேட்ட அதே வாக்கியம். ஆனால் பிள்ளை நல்லவன். தன்னிடமிருந்த முதல் துண்டை அன்றே இணையத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, சங்கருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்றும் எழுதியிருந்தான். சங்கர் அவனுக்கு அடுத்த தம்பி.

முதல் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு சில பதிவுகளை மீட்க முடிந்தது. நடேசனின் குரல் என் கடையை நிறைத்தது. “பெரியோர்களே, தாய்மார்களே, இந்த நன்னாளில் நன்கொடை வழங்கிய நல்லுள்ளங்கள்...” என்று ஒவ்வொரு சொல்லையும் தேர் வடம் இழுக்கிற மாதிரி நிதானமாக இழுத்து நிறுத்தினார். பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. எங்கோ ஒரு குழந்தை அழுதுகொண்டே தூரமாகப் போனது. விஜயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அம்மாவுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கர் அருகில் பிடித்தாள். மறுமுனையில் பச்சையம்மா கடைசி நன்கொடையாளர் பெயர் வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

“நல்லாப் பேசறாரே, யாரு இவுரு?”

இன்னொரு தடவை

ரைஸ் மில் முதலாளி ஒருவர் ஒரு வீடியோவை ஜிப் போட்டார். அது மிகவும் பெரிதாக இருந்ததால் மின்னஞ்சலில் போகவில்லை. ஜிப்பை மறுபடி ஜிப் போட்டார். அதையும் ஒருமுறை போட்டார். அடுக்கடுக்காகக் கட்டிய மூட்டையை என்னிடம் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றார். ஒரு தடவை அமுக்கியதை மறுபடி அமுக்கினால் அளவு குறையாது என்று சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை.

“எம் மில்லுல எத்தினி தபா போட்டாலும் அத்தினி தபா கொறையுதே டீச்சர், இதுல மட்டும் இன்னா கொறையாம?”

மஞ்சள் குங்குமம்

அம்மாவுக்கு ஆளைத் தெரியவில்லை என்றதும் விஜயா சோர்ந்து போனாள். “அது மைக்குக்குன்னு வெச்சிருந்த குரலு டீச்சர். வூட்ல வேற மாரி பேசும்” என்றாள். பிறகு அவளுக்கே ஒன்று தோன்றியது. ஆடி மாதம் மானாம்பதியில் கூழ் ஊற்றும்போது அப்பா தன் வீட்டு வாசலிலேயே மைக் கட்டுவார். அந்தப் பதிவு இருந்தால் அதில் வீட்டுக்காரராக ஒரு வார்த்தையாவது பேசியிருப்பார். அது எந்தத் துண்டில் இருக்கிறதோ. சின்ன அண்ணன் முருகனைக் கையோடு கூட்டிவந்தாள்.

முருகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவனிடம் இருந்தது கடைசித் துண்டு. கம்ப்யூட்டரில் அதற்கு மட்டும்தான் பல் வைத்த ஜிப் படம் வரும். மற்ற இரண்டும் வெறும் வெள்ளைக் காகிதமாகத் தெரியும். அதனால் அசல் தன்னிடம்தான் இருக்கிறது என்று அவன் உறுதியாக நம்பினான். நம்பியதோடு நிற்கவில்லை. நைனா நினைவாக அதை ஆட்டோவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, ஆயுத பூஜை அன்று ஸ்டியரிங்குக்கும் ஹெட்லைட்டுக்கும் வைத்ததுபோல் அதற்கும் சந்தனம், மஞ்சள், குங்குமம் வைத்திருந்தான். மூடியைக் கழற்றித்தான் வைத்திருந்தான். அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

நான் பழைய பல்துலக்கும் பிரஷும் ஸ்பிரிட்டும் வைத்துக்கொண்டு, காய்ந்த சந்தனத்தை அதன் வாயிலிருந்து மெல்லச் சுரண்டினேன். விஜயா பார்க்க முடியாமல் தன் கடைக்குப் போய்விட்டாள். செருகினேன், விளக்கு எரியவில்லை. மறுபடி துடைத்தேன். விளக்கு எரிந்தது. துண்டு முழுசாக இருந்தது. உள்ளே என்னென்ன பதிவு எங்கெங்கே கிடக்கிறது என்றும் தெரிந்தது. ஆடிக் கூழ் இருந்தது. ஆனால் வெட்டு சரியாக அதன் மேல் விழுந்திருந்தது. தலைப்பகுதி சங்கரின் துண்டில், வால்பகுதி முருகனின் துண்டில். மின்சாரம் ஓடுகிற இடத்தில் மஞ்சள் பூசலாமா என்று முருகனைக் கேட்டேன்.

“பேட்டரிக்கும்தான் வெச்சேன் டீச்சர், அது ஒண்ணும் கோச்சிக்கலையே.”

மூன்று பூட்டு

நடுவில் ஒரு கோயில் கமிட்டி குறுக்கிட்டது. ஊர் பெயர் வேண்டாம். திருவிழா அழைப்பிதழைச் செயலாளர் தன் விண்டோஸில் செய்து, ஜிப் போட்டு, பாஸ்வேர்டு வைத்துப் பொருளாளருக்கு அனுப்பினார். யாராவது தன் பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயம். பொருளாளருக்கும் அதே பயம். அவர் தன் ஃபோனில் அதன்மேல் ஒரு ஜிப், ஒரு பாஸ்வேர்டு. தலைவரின் மகன் மேக்கில் அதன்மேல் இன்னொன்று. அச்சகத்தில் திறக்காமல் என்னிடம் வந்து சேர்ந்தது, ஒன்றையொன்று நம்பாத பெட்டிகளின் அடுக்கு. ஒவ்வொருவரும் பாஸ்வேர்டை என்னிடம் காதோடுதான் சொன்னார்கள். மூவரும் ரகசியமாகச் சொன்னது ஒரே அம்மன் பெயர்.

கடைசிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே போன வருஷத்து அழைப்பிதழ். செயலாளருக்குத் தகவல் சொன்னேன். அவர் பதறிப்போய்க் கேட்டது ஒன்றுதான்.

“எம் பேரு மேல் வரிசையிலதானே கீது? அப்ப தேதிய மட்டும் மாத்திக்கலாம், மத்தத ஒண்ணும் தொடாதீங்க.”

வெள்ளைக் காகிதம்

சங்கர் மானாம்பதியில் உரக்கடை வைத்திருக்கிறான்; விஜயாவும் நானும் அங்கே போனோம். அவன் கம்ப்யூட்டரில் அவன் துண்டு வெள்ளைக் காகிதமாகத்தான் தெரிந்திருக்கிறது. அண்ணன் தனக்கு வெற்றுப் பொருளைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று இத்தனை மாதமும் பொருமியிருக்கிறான். அது வெற்றில்லை, நடுத்துண்டு, அது இல்லாமல் உங்கள் நைனாவின் கூழ்த் திருவிழா திறக்காது என்று விளக்கினேன். விளக்கியது தப்பாகப் போயிற்று. கையிலிருப்பது வெற்றுக் காகிதம் என்று நினைத்தவரை கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தவன், விலையுள்ளது என்று தெரிந்ததும் பென் டிரைவைச் சட்டைப்பைக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

“காப்பி எடுத்துக்கொண்டு உங்களிடமே தந்துவிடுகிறேன் தம்பி” என்றேன். காப்பி கொடுத்தால் தன் பங்கு போய்விடாதா என்றான். போகாது என்றேன். அப்படியானால் மூவரிடமும் முழுசாக இருக்குமே, அது எப்படிப் பங்காகும் என்றான். தத்துவப் புத்தகங்களில் இந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறேன். உரக்கடையில் நின்றுகொண்டு சொல்லுகிற அளவுக்குத் தெளிவாக எதுவும் நினைவில் இல்லை. அப்போதுதான் விஜயா, தான் பேசாமல் தன் அம்மாவைப் பேசவைத்தாள். ஃபோனில் பச்சையம்மா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சங்கர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். ஃபோனை வைத்த பிறகு நிபந்தனை போட்டான்.

“அவனுங்க ரெண்டு பேரும் எதிர்ல குந்தணும். நான்தான் செருகுவேன், நான்தான் புடுங்குவேன். பேங்க் லாக்கரு மாரி.”

ஆடிக் கூழ்

வந்தார்கள். ஏழுமலை லீவு போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து வந்தான். முருகன் ஆட்டோவில் அம்மாவை ஏற்றிவந்தான். சங்கர் தனியாக வந்தான். கடையில் இருந்த மூன்று நாற்காலிகளை மூன்று பேரும் மூன்று சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பச்சையம்மா என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் விஜயாவும் நின்றோம். சங்கர் எழுந்து வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் செருகினான். நான் துண்டுகளை வரிசைப்படுத்தி ஒட்டினேன். பச்சைக் கோடு திரையில் ஊர்ந்தது. அது ஊர்ந்த நேரத்தில் நான்கு பிள்ளைகளும் ஒரே திசையில் பார்த்தார்கள். அவர்களுக்கே அது தெரியாது.

முழுசாகத் திறந்தது. முதலில் ஒரு கல்யாணம், பிறகு ஒரு காதுகுத்து. தேர் வடம் இழுக்கிற அதே குரல். பச்சையம்மா மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள்; பொதுக்கூட்டத்தில் தெரியாத தலைவர் பேசும்போது கேட்கிற மாதிரி. “நைனாதாம்மா இது” என்றான் ஏழுமலை. “தெரியும்டா, நீங்க சொன்னா சரி” என்றாள். அவளுக்குத் தெரியவில்லை என்பது அந்தப் பதிலிலேயே எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விஜயா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கூழ்த் திருவிழாவைத் தொட்டேன்.

“பக்தகோடிகளே, அம்மன் அருளால் இதோ இன்னும் சற்று நேரத்தில் கூழ் வார்த்தல்...” பம்பை ஒலி, பெண்களின் இரைச்சல். “...அண்டா ஒன்று அன்பளிப்பாக வழங்கிய ஐயா அவர்கள்...” என்று ஏறிய குரல் திடீரென்று நின்றது. நான் துண்டில்தான் பழுது என்று பயந்துபோனேன். பழுது இல்லை. அறிவிப்பாளர் காணாமல் போய், நடேசன் வந்துவிட்டார். மைக்கை அணைக்காமல், வேறு தொண்டையில் கத்தினார்: “ஏ பச்சே! ஆடு ஒயரத் துன்னுது பாரு! அங்க குந்திக்கினு இன்னா வேடிக்க? தொரத்துடீ! நீயும் உன் ஆடும்... பேஜாரு புடிச்சவளே!”

பின்னால் கூட்டம் முழுவதும் சிரித்தது. கடையில் யாரும் சிரிக்கவில்லை, பச்சையம்மாவைப் பார்த்தோம். அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தாள். ஆட்டைத் துரத்தத்தான். பிறகு நினைவு வந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அது சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்லுகிற மென்பொருள் என்னிடம் இல்லை. “அது உன் ஆடுதான்மா, கருப்பு ஆடு” என்றான் முருகன். “கருப்பு இல்லடா, செவல” என்றான் சங்கர், தம்பியைப் பார்த்து. ஆம்ப்ளிஃபயருக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கவேண்டும், அதிலும் தகராறுதான். பச்சையம்மா அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். மறுபடி. ஏழுமலை எழுந்து, எல்லோருக்கும் முழுசாகக் காப்பி போட்டுத் தரச் சொன்னான். யாருக்கு முதல் காப்பி என்று சங்கர் ஆரம்பித்தான். பச்சையம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“அந்த மரியாத பேச்சயெல்லாம் நீங்க மூணு பேரும் பிரிச்சிக்கிங்கடா. எனக்கு அந்தத் திட்டு மட்டும் போதும்.”

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உடைந்த ஃபைல் எதையும் ஒட்டிவிடலாம், உடைத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடைக்கு வரச் சம்மதித்தால்.